டயர் பிரஷர் விளக்கு எரிகிறது: வீட்டிலேயே ரீசெட் செய்வதா, கடைக்குப் போவதா?

போன மாதம் ஒரு காலை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த கையோடு தங்கை திருப்பூரிலிருந்து போன் செய்தாள். மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறதாம். "குதிரை லாடம் மாதிரி இருக்கு அண்ணா, நடுவுல ஆச்சரியக்குறி. வீட்டுலயே ரீசெட் பண்ணிக்கலாம்னு வீடியோவுல காட்டுறாங்க. பண்ணிடட்டுமா, இல்ல சர்வீஸ் சென்டர்ல விடணுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் மினுக்கி மினுக்கி அப்புறம் நின்னு எரிஞ்சுதா, இல்ல எடுத்ததுமே நிலையா எரியுதா?" என்று கேட்டேன். வீட்டிலா கடையிலா என்ற முடிவு பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடும்.

விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலைத்து எரிந்தால், காற்றைக் கண்காணிக்கும் அமைப்பிலேயே கோளாறு. சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், சென்சார் உடைந்திருக்கலாம், சென்சார் இல்லாத ஸ்டெப்னி ஓடிக்கொண்டிருக்கலாம். முதல் வகைக்கு வேண்டியது காற்று அல்லது பஞ்சர். இரண்டாம் வகைக்கு வேண்டியது பழுதுபார்ப்பு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பட்டனைத் தேடுவதில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

அந்த ஆபத்தை நான் நேரில் பார்த்தவன். நான்கு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் இதே விளக்கு எரிந்தது. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் நான்கு டயரையும் கண்ணால் பார்த்தேன், காலால் ஒரு உதை உதைத்தேன், சரியாகத்தான் தெரிந்தது. வெயிலுக்கு ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து, திரையில் செட் என்று இருந்ததை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. விழுப்புரம் நெருங்கும்போது பின்பக்கம் வண்டி இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் இடதுபின் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்ளே ரப்பர் துகளாக உதிர்ந்திருந்தது. ஒரே ஒரு ஆணி. விளக்கு எரிந்தபோதே பஞ்சர் போட்டிருந்தால் நூற்றைம்பது ரூபாயோடு முடிந்திருக்கும். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அன்று நான் அமுக்கிய செட் என்ன செய்தது? "இப்போது இருக்கும் காற்றுதான் சரியான காற்று" என்று காருக்குச் சொல்லிக்கொடுத்தது. கார் என்னை நம்பியது.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் இந்த அமைப்பை டி.பி.எம்.எஸ். என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேறு அமைப்புகள் இருக்கின்றன. ரீசெட் என்ற சொல்லுக்கு இரண்டிலும் ஒரே பொருள் இல்லை.

நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. அது காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு, காரின் நினைவில் அந்த எண் பதிவாகி இருக்கும். பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டது, மாற்ற முடியாது. ஐந்திலிருந்து பத்து வருடம் உழைக்கும். ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் போன்றவற்றின் உயர் வேரியன்ட்களில் இந்த வகைதான். திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் தெரியும்.

மறைமுக வகையில் சக்கரத்துக்குள் எதுவுமே இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களை வைத்தே கார் கணக்குப் போடுகிறது. காற்று இறங்கிய டயரின் உருளும் ஆரம் கொஞ்சம் சிறுக்கும், அதனால் மற்ற மூன்றையும்விட அது சற்று வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து விளக்கை எரிய வைக்கும். ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி எல்லாம் இந்த வகை. டாடா தன் சில மாடல்களில் இதை ஐ-டி.பி.எம்.எஸ். என்றே குறிப்பிடுகிறது. இதில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றடிக்கும்போது சொல்லும் அளவு) என்று தெரியாது. ஏதோ குறைகிறது என்று மட்டும் சொல்லும். நான்கு டயரிலும் ஒரே அளவில் மெல்ல மெல்லக் காற்று இறங்கினால் வேக வித்தியாசம் வராது என்பதால், எளிய மறைமுக அமைப்புகள் அதைக் கண்டுபிடிக்கத் தடுமாறும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது சுலபம். ஓட்டும்போது திரையில் டயருக்கு டயர் எண் காட்டினால் நேரடி வகை. எண் இல்லாமல், வாகன மெனுவுக்குள் செட் என்றோ கேலிப்ரேட் என்றோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுகம். நேரடி வகையிலும் எண் காட்டாமல் விளக்கை மட்டும் எரியவிடும் மலிவான வேரியன்ட்கள் உண்டு, அதனால் காரோடு வந்த கையேட்டில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெனுவில் செட் அமுக்குவது: மறைமுக வகைக்கு இதுவே போதும்

உங்கள் கார் மறைமுக வகையென்றால் ரீசெட்டுக்காகக் கடைக்குப் போக ஒரு காரணமும் இல்லை. காசு செலவில்லை, கருவி வேண்டாம். ஆனால் வரிசை மாறக்கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கையும் கேஜ் வைத்து அளக்க வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து நிரப்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்புறம்தான் செட்.

செட் அமுக்கியதும் வேலை முடிந்துவிடாது. கார் ஓடி ஓடித்தான் புதிய அளவைக் கற்றுக்கொள்ளும். ஹோண்டாவின் கையேடு 40 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 30 நிமிடம் ஓட வேண்டும் என்கிறது. தெருமுனைக் கடைக்குப் போய்வருகிற ஓட்டத்தில் அது நிறைவடையாது. புதிதாகக் கற்று முடிக்கும்வரை அமைப்பை முழுதாக நம்பவும் முடியாது.

பெட்ரோல் பங்க்கில் காற்று நிரப்பிவிட்டு அங்கேயே செட் அமுக்குவது பலரின் பழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலில் பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அந்த நிலையில் 33 என்று நிரப்பினால் மறுநாள் காலை குளிர்ந்தபின் 29தான் இருக்கும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. மாறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மார்கழி அதிகாலையில் விளக்கு எரிந்து மதியம் தானாக அணைந்துபோவதற்கும் இதுதான் காரணம். அப்படி அணைந்தால் அமைப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. டயர் எல்லையில் நிற்கிறது, கொஞ்சம் காற்று வேண்டும் என்று அர்த்தம்.

பட்டனைத் தொடாமல் ஓட்டிப் பார்ப்பது: நேரடி வகையில் முதலில் செய்ய வேண்டியது

சென்சார் மாறவில்லை, காற்று மட்டும் குறைந்திருந்தது என்றால் நேரடி வகைக் கார்களில் பெரும்பாலும் ரீசெட்டே தேவைப்படாது. நிரப்பிவிட்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். நிற்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார்கள் உறங்கிக்கொண்டிருக்கும். சக்கரம் சுழலும் வேகத்தில் விழித்து, சுமார் நிமிடத்துக்கு ஒருமுறை அளவை அனுப்பும். பத்து நிமிட ஓட்டத்தில் திரையில் புதிய எண்கள் வந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். காற்று நிரப்பியதும் விளக்கு அணையவில்லை என்று பங்க்கிலேயே பதற்றப்படுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நேரடி வகையிலும் செட் பட்டன் வைத்த கார்கள் இருக்கின்றன. டொயோட்டாவின் பல மாடல்களில் வண்டியை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, பட்டனை அமுக்கிப் பிடித்தால் விளக்கு மெதுவாக மூன்று முறை மினுக்கும். அது புது அளவை ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம். இங்கேயும் நிரப்பிய பிறகு அமுக்குவது என்ற வரிசை மாறாது.

டயர் ரொட்டேஷன் செய்தபின் வருகிற குழப்பம் ஒன்று. முன்சக்கரம் பின்னுக்குப் போயிருக்கும், ஆனால் சில கார்கள் அந்த இடமாற்றத்தைத் தானாகக் கண்டுபிடிக்காது. திரையில் முன் இடது குறைவு என்று காட்டும், உண்மையில் குறைந்தது பின் இடதாக இருக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டயரில் மட்டும் நான்கு பி.எஸ்.ஐ. இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரையில் எந்த எண் இறங்குகிறதோ, அந்த இடத்துப் பெயரில்தான் அந்தச் சக்கரம் பதிவாகி இருக்கிறது. ரொட்டேஷனுக்குப் பிறகு நான் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன். இருபது நிமிட வேலை.

கருவி வாங்கி வீட்டிலேயே பதிவு செய்வது: யாருக்கு லாபம்?

புது சென்சார் போட்டால், அதன் அடையாள எண்ணைக் கார் தெரிந்துகொள்ள வேண்டும். சில கார்கள் ஓட்டத்திலேயே தானாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் கருவி வேண்டும். அந்தக் கருவி வால்வுக்குப் பக்கத்தில் பிடித்தால் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பிச் சென்சாரை எழுப்பும், அதன் எண்ணையும் பேட்டரி நிலையையும் படிக்கும். பிறகு ஓ.பி.டி. போர்ட்டில், அதாவது காரின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கும் சாக்கெட்டில், செருகிக் காருக்குள் எழுதும்.

கையில் இருந்தால் நல்ல சாமான்தான், ஆசையும் வரும். ஆனால் நம் ஊரில் ஒரு காருக்காக இதை வாங்குவது வீண் என்றே சொல்வேன். நம் சக்கரங்களில் சென்சார் மாறுவது ஐந்து, ஏழு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குள் கருவியின் மென்பொருள் பழசாகிவிடும். வாங்கும்போது உங்கள் மாடலின் இந்தியப் பதிப்பு பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் வெளிநாட்டுப் பதிப்பில் சென்சார் வேறாக இருக்கலாம்.

டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குக் கணக்கு வேறு. அங்கே குளிர்காலத்துக்கு ஒரு செட் டயர், கோடைக்கு ஒரு செட். இரண்டுக்கும் தனித்தனி வீல், தனித்தனி சென்சார். வருடத்தில் இரண்டு முறை எட்டுச் சக்கரத்தைத் தூக்கி மாற்றுகிறான். ஒவ்வொரு முறையும் கடையில் பதிவுக்குப் பணம் கட்டினால் கட்டுப்படியாகாது. இரண்டு கார் வேறு. கருவி ஒன்றரை வருடத்தில் விலையை மீட்டுவிட்டது என்றான். அவன் நிலையில் நானும் வாங்கியிருப்பேன்.

இதே இடத்தில் வீடியோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வீட்டு ரீசெட் வீடியோக்களில் பெரும்பகுதி அமெரிக்கக் கார்களுக்கானது. ரிமோட்டில் லாக், அன்லாக் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஹாரன் இரண்டு முறை ஒலிக்கும், முன் இடதில் தொடங்கி முன் வலது, பின் வலது, பின் இடது என்று சுற்றிவர வேண்டும் என்று ஒரு முறை காட்டுவார்கள். அது அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் வழி. நம் காரில் எத்தனை முறை செய்தாலும் எதுவும் நடக்காது. அங்கிருந்து சென்சார் வரவழைப்பதும் அப்படித்தான். 315 மெகாஹெர்ட்ஸில் பேசுகிற சென்சாரை 433க்குக் காது கொடுத்திருக்கும் கார் கேட்காது.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைப்பது, மலிவான ஓ.பி.டி. கருவியால் பிழைக் குறியீட்டை அழிப்பது, ஃபியூஸைப் பிடுங்குவது என்ற யோசனைகளும் உலவுகின்றன. விளக்கு கொஞ்ச தூரம் அணைந்திருக்கும், திரும்ப எரியும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் பவர் விண்டோ அமைப்பும் சேர்ந்து கலையும். இவற்றைத் தேர்வாகவே நான் எண்ணவில்லை.

பஞ்சர் கடை, டயர் கடை, சர்வீஸ் சென்டர்

விளக்கு நிலையாக எரிகிறது, நிரப்பினால் மறுநாள் திரும்ப இறங்குகிறது என்றால் பஞ்சர் கடைதான் சரியான இடம். ரீசெட் பேச்சே வேண்டாம். டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்தே ஆணியைப் பிடுங்கி ரப்பர் திரியைச் சொருகிவிடுவார்கள். டயரைக் கழற்ற மாட்டார்கள் என்பதால் சென்சாருக்கு ஆபத்தில்லை. டயரைக் கழற்ற வேண்டி வந்தால் மட்டும் கவனம் தேவை. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷினின் கை வால்வுக்கு நேராக அமுக்கினால், உள்ளே இருக்கும் சென்சார் நொறுங்கிவிடும். "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் அமுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். நல்ல கைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கடையில் இதைச் சொல்ல மறந்து ஒரு சென்சாரை இழந்திருக்கிறேன். பஞ்சர் காசைப்போலப் பல மடங்கு அதற்குப் போனது.

டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவத்தையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். சென்சாரின் துவாரத்தை அது அடைத்துக்கொள்ளும். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பிறகு டயரைக் கழற்றும்போது சென்சாரைத் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். 2020இல் வந்த விதித் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் டி.பி.எம்.எஸ்.ஸும் இருக்கும் கார் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கு இன்னும் முக்கியம்.

மினுக்கிவிட்டு நிலைக்கும் விளக்கென்றால் கருவி இருக்கும் பெரிய டயர் கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோதான் போக வேண்டும். வாரன்டி காலத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டர். வாரன்டி முடிந்திருந்தால் நல்ல கருவி வைத்திருக்கும் டயர் கடை எனக்குப் பிடிக்கும். அங்கே பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதிய சென்சாரில் நகல் எடுத்துப் போடுகிறார்கள். காருக்கு மாறியதே தெரியாது, பதிவு செய்யும் வேலையும் மிச்சம். பழைய சென்சார் கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் அல்லது அதன் மேல் எண் படிக்கத் தெரிந்தால் இது நடக்கும். எங்கே போனாலும் நான்கு சென்சாரின் எண்ணையும் பேட்டரி நிலையையும் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒன்றைத்தான் மாற்ற வேண்டுமா, நான்கும் சாகக் கிடக்கின்றனவா என்று அப்போது தெரியும்.

பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. நான்கு சென்சாரும் ஒரே நாளில் பிறந்தவை, ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் ஓயும். கார் ஆறேழு வருடம் ஆகி, டயரும் தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்திருந்தால், அப்போதே நான்கு சென்சாரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டும் கூலி, பேலன்சிங் கூலி திரும்பத் திரும்ப விழும். டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றாலும் வால்வின் ரப்பர் சீலையும் உள் ஊசியையும் மாற்றச் சொல்லுங்கள். அலுமினிய வால்வில் சாதாரணப் பித்தளை ஊசியைப் போட விடாதீர்கள். இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்து இறுகிக்கொள்ளும், பிறகு காற்றடிக்கப் போனால் வால்வே உடைந்து வரும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்டிக் மூடியும் போதும்.

மூடிபோல மாட்டும் வெளிச் சென்சார்

அமைப்பே இல்லாத பழைய காருக்கு இது நல்ல தேர்வு. வால்வு மூடிக்குப் பதில் சென்சாரைத் திருகிவிட்டு, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் சின்னத் திரையை டேஷ்போர்டில் வைத்தால் நான்கு எண்ணும் தெரியும். சென்சார் பேட்டரியை நாமே மாற்றலாம். பதிவும் வீட்டிலேயே முடியும். என் அப்பாவின் பழைய காரில் இதைத்தான் போட்டிருக்கிறேன், மூன்று வருடமாக நன்றாக வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் லாக் நட்டைத் தளர்த்திக் கழற்ற வேண்டும், பங்க்கில் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். பழைய ரப்பர் வால்வின் நுனியில் இந்தக் கனம் ஆடி ஆடி வால்வின் அடியில் வெடிப்பு விடலாம், அதனால் போடும் அன்றே புது வால்வு போட்டுவிடுவது நல்லது. தெருவில் நிறுத்தும் வண்டியென்றால் திருட்டுப் பயம் வேறு. ஏற்கெனவே நேரடி அமைப்பு உள்ள காரில் ஒரு சென்சார் செத்துவிட்டது என்பதற்காக இதை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காரின் சொந்த விளக்கு அணையாது, அது எரிந்துகொண்டே இருக்க, உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் கண்ணில் படாது. அந்தச் சமாளிப்பு எனக்குச் சம்மதமில்லை.

பணத்தை எதில் போடலாம்?

இத்தனை தேர்வையும் ஒப்பிட்டு என்னைக் கேட்டால், முதல் செலவு சென்சாரிலோ கருவியிலோ இல்லை. ஒரு நல்ல கேஜ், 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ஒரு காற்றடிப்பான். நான் வாங்கியது 2,400 ரூபாய். அளவை எண்ணில் வைத்துவிட்டால் அதுவே நிரப்பி நின்றுவிடும். இது இருந்தால்தான் குளிர்ந்த டயரில், வீட்டு வாசலில், சரியான வரிசையில் ரீசெட் செய்ய முடியும். நைட்ரஜன் காற்று நிரப்பினால் ரீசெட் செய்யும் தேவையே வராது என்று சிலர் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்காக அலைய வேண்டாம்.

விளக்கை மட்டும் நம்பி இருப்பதும் போதாது. இந்த அமைப்பைச் சட்டமாக்கியது அமெரிக்கா. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் உருண்ட விபத்துகளில் பலர் இறந்தபின், 2000இல் அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புது இலகுரக வாகனத்திலும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும். அமெரிக்க விதியில் பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். அதாவது 33 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர், ஏறக்குறைய 25க்கு இறங்கும்வரை விளக்கு மௌனமாக இருந்தாலும் விதிப்படி தப்பில்லை. 27இல் ஓடும் டயர் சூடாகும், தேயும், பெட்ரோலைக் குடிக்கும், விளக்கு எதுவும் சொல்லாது. இப்போது மறைமுக வகையில் 27 இருக்கும்போதே செட் அமுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே கால்பங்கு போனபின்தான் எச்சரிக்கை வரும், கிட்டத்தட்ட 20. உளுந்தூர்பேட்டையில் நான் செய்தது இதைத்தான்.

தங்கை கார் நேரடி வகை. மினுக்கவில்லை, நிலையாக எரிந்தது. திரையைப் பார்க்கச் சொன்னேன். மூன்று டயரில் 33, 34, 33, பின் இடதில் 24. "ரீசெட் எங்கேயும் தேடாதே, காத்து அடிச்சுட்டு மெதுவா பஞ்சர் கடைக்குப் போ" என்றேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்த காற்றடிப்பானால் நிரப்பி, இரண்டு தெரு தள்ளி இருந்த கடைக்கு ஓட்டிப் போனார். சின்ன ஸ்க்ரூ ஒன்று. வெளியிலிருந்தே திரி போட்டார்கள். பல்லடம் ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டியதும் விளக்கு அணைந்துவிட்டது என்று மதியம் செய்தி அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி: "ஸ்டெப்னியிலயும் சென்சார் இருக்கா அண்ணா?"

பெரும்பாலான கார்களில் இருக்காது. அதனால் ஸ்டெப்னியை மாட்டி ஓட்டும்போது விளக்கு மினுக்குவது சகஜம், அசல் சக்கரத்தைத் திரும்ப மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாகச் சரியாகும். ஆனால் சென்சார் இல்லாத அந்த ஐந்தாவது டயரில் காற்று இருக்கிறதா என்று எந்த விளக்கும் சொல்லாது. டிக்கியைத் திறந்து கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 14தான் இருந்தது.